கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்: கணவரின் சிறுநீரகம் இனி வேண்டாமா?

காத்திருப்பவள்:

எனக்குச் சிறுநீரகம் தர என் கணவர் முன்வந்தார். அவருடைய செல்லை என் ரத்தம் எதிர்க்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாசிட்டிவ்னா பொருந்துதுன்னுதானே அர்த்தம்?” என்றார். ஊசி குத்திய கையோடு டயாலிசிஸில் படுத்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். அரை மணி நேரம் இருவரும் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வந்து, பாசிட்டிவ் என்றால் அவருடைய செல்லை எதிர்க்கும் ஆன்டிபாடி என் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம், இந்தப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால்தான் நல்லது என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வயது 41. பதினான்கு மாதங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்த வகை ஓ. அவருக்கும் ஓ. வீட்டில் எல்லோரும் ‘ரத்தம் ஒன்றுதானே, பிறகென்ன’ என்றே இருந்தோம். அண்ணனும் தர முன்வந்தார், அவர் பி என்பதால் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். சிடிசி கிராஸ்மேட்ச் நெகட்டிவ். ஃப்ளோ கிராஸ்மேட்ச் டி செல், பி செல் இரண்டும் பாசிட்டிவ். பிஆர்ஏ (எத்தனை சதவீதம் பேருக்கு எதிராக என்னிடம் ஆன்டிபாடி இருக்கிறது என்பதாம்) முதல் வகுப்பு 62 சதவீதம், இரண்டாம் வகுப்பு 24 சதவீதம். டிஎஸ்ஏ (கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடியாம்) என்று தனியாக ஒரு வரி: ஏ24 எம்எஃப்ஐ 6,800, டிக்யூ7 எம்எஃப்ஐ 2,900. அவருடைய டைப்பிங்கில் ஏ2, ஏ24 என்று இருக்கிறது. எனக்கு ஏ2, ஏ11.

இதில் எனக்குப் புரியாதவை. ஒரு சோதனை நெகட்டிவ், இன்னொன்று பாசிட்டிவ் என்றால் எதை நம்புவது? வேறொரு லேபில் திரும்பப் பார்த்தோம், அங்கே ஏ24-க்கு 4,200 என்று வந்தது. ஒரே உடம்பில் இரண்டு எண் எப்படி? மருத்துவர் ஆன்டிபாடியைக் குறைக்கும் சிகிச்சை பற்றிப் பேசினார், ஆனால் அன்று அவருக்கு நேரமில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

இன்னொன்று. பிள்ளை பெற்றதால் இந்த ஆன்டிபாடி வந்திருக்கலாம் என்று அங்கே ஒருவர் சொன்னதை என் மகள் கேட்டுவிட்டாள். 16 வயது. அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி மூன்று யூனிட் ஏற்றினார்கள்.

---

மாற்றிக்கொண்டவன்:

எங்களுக்கும் இதே கதைதான், என்ன, பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. எனக்கு என் மனைவி தர வந்தார். எனக்கு அது இரண்டாவது மாற்று. முதல் சிறுநீரகம் விட்டுப்போன ஆன்டிபாடி உடம்பு முழுக்க. சிடிசியே பாசிட்டிவ். எட்டு மாதம் காத்திருந்து இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொண்டோம். அந்த ஜோடியில் மனைவிக்கு என் மனைவியின் சிறுநீரகம், எனக்கு அந்தக் கணவருடையது. நான்கு பேருக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை. ஸ்வாப் பட்டியலில் இன்றே பெயர் கொடுங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

---

நேர்வழி:

சகோதரி, பயப்படாதீர்கள். இரண்டாவது லேபிலேயே எண் குறைந்துவிட்டதே. இன்னும் இரண்டு இடத்தில் பாருங்கள், எங்காவது நெகட்டிவ் வரும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அறுவை செய்துவிடுவார்கள். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

---

பழைய லேப்காரர்:

மேலே உள்ள யோசனையை தயவுசெய்து கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது நெகட்டிவ் என்று எழுதிய காகிதம் அல்ல. ஆன்டிபாடி காகிதத்தைப் படிக்காது, சிறுநீரகத்தின் ரத்தக்குழாய் உள்சுவரைத்தான் போய்ப் பிடிக்கும்.

நான் எச்எல்ஏ லேபில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எச்எல்ஏ என்பது செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதம், ஏ24, டிக்யூ7 எல்லாம் அதன் வகைகள்; யாருக்கு எந்த வகை என்று பார்ப்பதுதான் டைப்பிங். மருத்துவன் அல்ல. சிகிச்சை முடிவு உங்கள் மருத்துவருடையது. ரிப்போர்ட்டைப் படிக்க மட்டும் உதவுகிறேன்.

முதலில் உங்கள் மகள் விஷயம், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதன் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். பிள்ளையின் எச்எல்ஏவில் பாதி அப்பாவுடையது. அந்தப் பாதியைத் தாயின் உடம்பு வெளியாள் என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு இது நடக்கிறது, சோதிக்காதவரை யாருக்கும் தெரிவதில்லை. 1958-இல் நெதர்லாந்தில் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில்தான் இந்த ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். அதே ஆண்டு பிரான்சில் ழான் தோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) வைத்து முதல் எச்எல்ஏவை அடையாளம் கண்டார். பின்னாளில் அவருக்கு நோபல் கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டைப்பிங் தட்டில் இருந்த சீரம் பெரும்பாலும் தாய்மார்கள் கொடுத்ததுதான். ஒரு நோயாளிக்கு ஏ24 உண்டா என்று பார்க்க, எங்கோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு எதிராக உண்டாக்கிய ஆன்டிபாடிதான் எங்களுக்குக் கருவி. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அதோடு, ஏ24-ஐ அவள்தான் வாங்கினாளா, உங்கள் இன்னொரு பிள்ளை வாங்கியதா, கலைந்த கருவா, அல்லது ஏற்றிய ரத்தத்தில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கணவரின் ஏ2 பட்டியலில் ஏன் வரவில்லை தெரியுமா? உங்களுக்கே ஏ2 இருக்கிறது. சொந்த வீட்டுக்காரனை யாரும் திருடன் என்று பிடிப்பதில்லை.

இப்போது சோதனைகள். சிடிசி பழைய முறை. கொடுப்பவரின் உயிருள்ள லிம்போசைட் என்ற வெள்ளணுவையும் உங்கள் சீரத்தையும் தட்டின் குழியில் விட்டு, முயல் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமெண்ட் (ஆன்டிபாடி பிடித்த செல்லைக் கொல்லும் புரதங்கள்) சேர்ப்போம். ஆன்டிபாடி போதுமான அளவு பிடித்திருந்தால் செல் செத்துவிடும், சாயம் உள்ளே ஏறும். நுண்ணோக்கியில் செத்ததை எண்ணி மதிப்பெண் போடுவோம். 1969-இல் பட்டேலும் தெராசாகியும் 225 மாற்றுகளை அலசினார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் செய்த 30-இல் 24 உடனே போய்விட்டன. நெகட்டிவ் 195-இல் 8 மட்டும். அறுவை மேசையிலேயே சிறுநீரகம் கறுத்துப்போகும் அந்தக் கொடுமை ஏறக்குறைய ஒழிந்தது இந்தச் சோதனையால்தான். உங்களுக்கு அது நெகட்டிவ். பெரிய ஆபத்து ஒன்று விலகியிருக்கிறது.

ஆனால் சிடிசிக்குக் காது கொஞ்சம் மந்தம். செல்லைக் கொல்லும் அளவு இருந்தால்தான் அதற்குக் கேட்கும். ஃப்ளோ அப்படி இல்லை. ஆன்டிபாடி செல்லில் ஒட்டியிருந்தாலே லேசர் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். லிம்போசைட்டில் டி, பி என்று இரண்டு வகை. டி செல்லில் முதல் வகுப்பு எச்எல்ஏ மட்டும் உண்டு (ஏ, பி, சி), பி செல்லில் அதோடு இரண்டாம் வகுப்பும் (டிஆர், டிக்யூ போன்றவை) உண்டு. உங்களுக்கு இரண்டும் பாசிட்டிவ், பட்டியலில் ஏ24-உம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. ஆக இரண்டு சோதனைகளும் பொய் சொல்லவில்லை: ஆன்டிபாடி இருக்கிறது, செல்லைக் கொல்லும் அளவுக்கு இல்லை. இந்த நிலையில் அப்படியே மாற்று செய்தால் முதல் வாரங்களிலேயே ஆன்டிபாடி வழி நிராகரிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

எம்எஃப்ஐ என்பது ஆன்டிபாடியின் எடையோ அளவோ அல்ல. லுமினெக்ஸ் சோதனையில் கண்ணுக்குத் தெரியாத பாலிஸ்டைரீன் மணிகள் இருக்கும், ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு எச்எல்ஏ. உங்கள் சீரத்தில் ஊறவைத்து, கழுவி, ஒளிரும் சாயம் கட்டிய இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றி, எந்த மணி எவ்வளவு ஒளிர்கிறது என்று இயந்திரம் படிக்கும். அந்த ஒளியின் எண்தான் எம்எஃப்ஐ. கிட் மாறினால் மாறும், லேப் மாறினால் மாறும், கழுவுகிறவர் கை மாறினாலும் கொஞ்சம் மாறும். சில சமயம் ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தால் காம்ப்ளிமெண்ட் வந்து மேலே அப்பிக்கொண்டு, எண் குறைவாகக் காட்டும். சீரத்தை நீர்த்துப் பார்த்தால் எண் ஏறும்! நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது சாம்பிள் மாறிவிட்டது என்று சக ஊழியரோடு சண்டையே போட்டேன்.

6,800-க்கும் 4,200-க்கும் காரணம் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். இரண்டு லேபுக்கும் கொடுத்தது ஒரே நாள் ரத்தமா? அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா? அப்புறம், உங்கள் அண்ணனுக்கு எச்எல்ஏ டைப்பிங் எடுத்தார்களா, இல்லை ரத்த வகை பார்த்ததோடு அனுப்பிவிட்டார்களா?

---

காத்திருப்பவள்:

சார், இதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “அப்போ நீ ஒரு லேப் கிட்டாம்மா?” என்றாள். பத்து நாளில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஒரே நாள் ரத்தம் இல்லை. முதல் சாம்பிளுக்கு மூன்று வாரம் முன்பு ஹீமோகுளோபின் 6.1-க்கு இறங்கி இரண்டு யூனிட் ஏற்றினார்கள். இரண்டாவது சாம்பிள் அதிலிருந்து மூன்று மாதம் கழித்து. அண்ணனுக்கு டைப்பிங் எடுக்கவில்லை. பி என்றதும் அனுப்பிவிட்டார்கள்.

---

பழைய லேப்காரர்:

அப்படியானால் புதிர் பாதி அவிழ்ந்தது. ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் பழைய நினைவைத் தட்டி எழுப்பிவிடும், இரண்டு மூன்று வாரத்தில் ஆன்டிபாடி உச்சிக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். அதற்காக 6,800-ஐ மறந்துவிட முடியாது. உடம்பு அந்த அளவுக்குப் போகக்கூடியது என்பதற்கு அது சாட்சி, லேபில் உச்ச சீரம் என்று உறையவைத்துத் தனியாக வைப்போம். இனி ரத்தம் ஏற்றும் பேச்சு வந்தால், தவிர்க்க முடியுமா, இரும்பும் ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போதுமா என்று கேளுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் வெள்ளணு வடிகட்டிய ரத்தம் கேளுங்கள், அது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. ஏற்றினால் இரண்டு வாரத்திலும் நான்கு வாரத்திலும் புதுச் சாம்பிள் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், தொற்று வந்தாலும் லேபுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவர் சொன்ன சிகிச்சை பிளாஸ்மா மாற்றமும் ஐவிஐஜியும் (பலரின் ரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடி மருந்து), சில இடங்களில் பி செல்லை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப்பும் சேர்ந்தது. ரத்தத்தில் இருப்பதை வடித்தெடுக்கலாம். ஆனால் அதை உற்பத்தி செய்யும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும், அவை மறுபடி செய்யும். ஏ24 போன்ற ஒன்றை 4,000 பக்கத்திலிருந்து இறக்கி மாற்று செய்தவர்கள் உண்டு. செய்த பிறகு மீண்டு எழுந்து தொல்லை கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். (ரிட்டுக்ஸிமாப் போட்ட பிறகு எடுக்கும் கிராஸ்மேட்சில் பி செல் சும்மாவே பாசிட்டிவ் காட்டும், அந்த மருந்தே பி செல்லில் ஒட்டுவதால். போட்ட தேதியை லேபுக்குச் சொல்லாமல் விட்டு எத்தனை பேர் பயந்துபோயிருக்கிறார்கள்!)

என் கண் உங்கள் அண்ணன் மேல்தான் இருக்கிறது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் என்றால் எச்எல்ஏ முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு. ஓ வகை ஆளுக்கு பி வகைச் சிறுநீரகம் வைப்பது இன்று நடக்காத காரியம் அல்ல. உங்கள் ரத்தத்தில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு என்று டைட்டர் பார்ப்பார்கள்; எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பிடிக்கிறது என்ற கணக்கு அது, 1:32, 1:64 என்று வரும். அதைப் பிளாஸ்மா மாற்றத்தால் இறக்கி வைத்துவிட்டுச் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு மூன்று வாரம் தாண்டிவிட்டால் ரத்த வகை ஆன்டிபாடி திரும்பி வந்தாலும் சிறுநீரகம் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போய்விடும். எச்எல்ஏ ஆன்டிபாடி அப்படிச் சமாதானம் ஆகாது. தொற்று ஆபத்து கூடுதல்தான், செய்யும் இடத்துக்குப் பழக்கமும் வேண்டும். ஆனாலும் ரத்த வகை ஒன்றாக இருக்கும் கணவரைவிட, வகை மாறிய அண்ணன் உங்களுக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். டைப்பிங் எடுத்துப் பார்க்காமல் தெரியாது.

ஸ்வாப் பட்டியலில் பெயர் கொடுக்கச் சொன்னாரே மேலே ஒருவர், அதையும் செய்யுங்கள். ஓ வகைக் கணவர் இருப்பது அந்தப் பட்டியலில் பெரிய பலம்.

---

ஒன்பதாம் வருடம்:

இடையில் ஒரு வார்த்தை. இந்தச் சோதனை மாற்று ஆனதும் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு மாற்றுக்கு முன் ஆன்டிபாடி சுத்தமாகக் கிடையாது. ஏழாம் வருடம் வேலை மாறிய நெருக்கடியில் நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை இரவில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போடாமல் விட்டேன். உடம்பு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ஏமாற்றியது. கிரியாட்டினின் 1.2-இலிருந்து 1.9. ரத்தத்தில் டிக்யூவுக்குப் புது டிஎஸ்ஏ, பயாப்ஸியில் ஆன்டிபாடி தாக்கியதற்கு அடையாளமான சி4டி பாசிட்டிவ். சிகிச்சைக்குப் பின் 1.7-இல் நிற்கிறது, பழைய இடத்துக்குப் போகவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஏ பார்க்கிறார்கள். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் என்று இப்போதும் தோன்றும்.

---

காத்திருப்பவள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அண்ணனுக்கு டைப்பிங் எடுத்தோம். மருத்துவரிடம் கேட்டபோது, “கேட்டிருக்க வேண்டியது நாங்கள்” என்று அவரே சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது.

பாதி பொருந்துகிறது. பொருந்தாத பாதியில் ஏ1, பி57, டிஆர்7, டிக்யூ9. சி பற்றியும் ஏதோ இருக்கிறது, ஸ்கேன் மங்கலாக வந்துவிட்டது. பி ரத்த வகைக்கு எதிரான டைட்டர் 1:32. இந்தத் தடவை மணிப் பட்டியல் முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டேன். முதல் வகுப்பில் மட்டும் நான்கு பக்கம், எல்லாவற்றையும் இங்கே இணைத்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை சார்.

---

பழைய லேப்காரர்:

பட்டியலைப் பார்த்தேன். முதலில் பி57-ஐத்தான் தேடினேன், ஏனென்றால் ஏ24-உம் பி57-உம் பிடபிள்யூ4 என்ற ஒரு துண்டைப் பொதுவாக வைத்திருக்கின்றன. உங்கள் ஆன்டிபாடி அந்தத் துண்டைப் பிடிப்பதாக இருந்தால் அண்ணனும் அடிபட்டிருப்பார். பி57 மணி 210. மற்ற பிடபிள்யூ4 மணிகளும் தூங்குகின்றன, ஏ23-உம் ஏ24-உம் மட்டும் எரிகின்றன. நல்லது. ஏ1 மணி 180. டிஆர்7 340. இவையெல்லாம் கணக்கில் வராத இரைச்சல்தான்.

டிக்யூ9-இல் மட்டும் 1,150. டிக்யூ7-உம் 9-உம் கிட்டத்தட்ட ஒரே ஜாடை, உங்கள் டிக்யூ7 ஆன்டிபாடி ஆள் மாறிப் போய் அங்கேயும் கை வைக்கிறது. இதைப் பெரிது என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மணியில் பார்த்தாகிவிட்டது, இனி அண்ணனின் செல்லில் பார்க்க வேண்டும். ஃப்ளோ கிராஸ்மேட்ச் கேளுங்கள், டி செல்லில் ஒன்றும் இருக்காது என்று எதிர்பார்க்கிறேன், பி செல் பக்கம்தான் கவனம். இப்போதைய சீரத்தோடு, ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த அந்தப் பழைய சீரமும் உறைநிலையில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அண்ணன் ரத்தம் கொடுத்த அன்றே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது. செத்த செல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் படிக்க முடியாது.

சி-யின் எண் தெளிவாக வந்ததும் போடுங்கள். அந்த மணியையும் பார்த்துவிடுகிறேன்.

---

காத்திருப்பவள்:

செவ்வாய்க்கிழமை ஃப்ளோவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் சார். பழைய சீரம் பத்திரமாக இருக்கிறதாம். அண்ணன் நேற்றே போன் செய்து, “பாசிட்டிவ் வந்தா சந்தோஷப்படணுமா, நெகட்டிவ் வந்தாலா?” என்று கேட்டுவிட்டு, என் கணவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சி7 என்று இருக்கிறது, இப்போது தெளிவாகப் படிக்க முடிகிறது.